கனகாம்பரம் வளர்ப்பு: விதை எடுப்பது முதல் பூப் பறிப்பது வரை முழுமையான வழிகாட்டி

கனகாம்பரத்தைத் தோட்டத்திலும் பூக்கடையிலும் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, அது அடிப்படையில் ஒரு காட்டுச் செடி என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மழை குறைந்த இலையுதிர் காடுகளில், உசில், வெப்பாலை போன்ற மரங்களின் சல்லடை நிழலில், முழங்கால் உயரத்துக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்று பூக்கும் சிறு செடி அது. மழைக்காலத்தில் தழைத்து, கோடையில் தாக்குப்பிடித்து, சருகு மட்கிய சரளை மண்ணில் வேர்விட்டு வாழ்ந்த செடியைத்தான் நாம் பாத்தியிலும் தொட்டியிலும் வைத்திருக்கிறோம். வீடுகளில் கனகாம்பரம் பட்டுப்போவதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை அந்தக் காட்டை நாம் மறந்ததால் நேர்ந்தவையாகவே இருக்கும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். செடிக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கட்டும் என்று கொல்லையில் குழாயடியை ஒட்டிய களிமண் பாத்தியில் பன்னிரண்டு நாற்றுகளை நட்டேன். புரட்டாசி வரை அவை நன்றாகவே இருந்தன. ஐப்பசி அடைமழையில் பாத்தியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒன்பது செடிகள் தலை சாய்ந்துவிட்டன. பிடுங்கிப் பார்த்தபோது வேரின் மேல்தோல் பழுப்பேறி, விரலால் உருவினாலே கழன்று வந்தது. மிஞ்சிய மூன்றும் பாத்தியின் மேட்டு ஓரத்தில் நின்றவை. இந்த வழிகாட்டியில் வரும் அறிவுரைகளில் பாதி அந்த மேட்டு ஓரத்தில் கற்றுக்கொண்டவை.

செடியை அடையாளம் காணுதல்

ஆடாதோடை, நிலவேம்பு, நீர்முள்ளி, டிசம்பர் பூ ஆகியவை இருக்கும் அக்காந்தேசி குடும்பத்தைச் சேர்ந்தது கனகாம்பரம். இதன் தாவரவியல் பெயர் கிராஸாண்ட்ரா இன்ஃபண்டிபுலிஃபார்மிஸ். முதற்சொல் மகரந்தப் பையின் விளிம்பில் உள்ள குஞ்சத்தையும், இரண்டாவது சொல் பூவின் புனல் வடிவத்தையும் குறிக்கின்றன. நம் பெயர் நிறத்தைப் பிடித்துக்கொண்டது: கனகம் பொன், அம்பரம் ஆடை. கொங்கணியிலும் மராத்தியிலும் இதையே அபோலி என்பார்கள். கோவாவில் பெண்கள் தலையில் சூடும் பூக்களில் அதற்கென்று தனி இடமுண்டு.

பூத்த கதிர் ஒன்றைக் கையில் எடுத்துச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பறிப்பதற்கும் விதை எடுப்பதற்கும் அந்த அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். கதிர் உருண்டையாக இராது. நான்கு பட்டையாக, பச்சை நிறப் பூவடிச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டுப் பின்னிய சாட்டை போலிருக்கும். ஒவ்வொரு செதிலின் இடுக்கிலிருந்தும் ஒரு பூ வெளிவரும். பூக்கள் அடியிலிருந்து நுனி நோக்கி வரிசை தவறாமல் மலரும் என்பதால், அடிப்பகுதியில் காய் முற்றிக்கொண்டிருக்கும்போதே நுனியில் அரும்பு இருக்கும். பூவின் அடி மெல்லிய நீண்ட குழாய், மேலே இதழ்கள் ஒரே பக்கமாக விசிறிபோல் விரிந்திருக்கும், மறுபக்கம் பிளந்திருக்கும். மணம் கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சரம் தொடுக்கும்போது இடையிடையே மரிக்கொழுந்து வைக்கிறார்கள்.

எந்த ரகத்தை வளர்ப்பது

சந்தையில் மிகுதியாக விற்பனையாவது பெரிய பூவும் அடர்ந்த ஆரஞ்சு நிறமும் கொண்ட டெல்லி கனகாம்பரம். இது மும்மடிய ரகம். அதாவது இதன் உயிரணுக்களில் நிறமூர்த்தத் (குரோமோசோம்) தொகுதி வழக்கமான இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதால் விதை பிடிப்பதில்லை. தண்டுக் குச்சியை வேர்விடச் செய்துதான் இதைப் பெருக்க முடியும். டெல்லி கனகாம்பர விதை என்று யாராவது பொட்டலம் விற்றால் வாங்க வேண்டாம்.

விதையில் வருபவை நாட்டு ஆரஞ்சு, மஞ்சள் நிற லூட்டியா, சிவப்பு நிற செபாகுலிஸ் ஆகியவை. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா முதலிய ரகங்களை வெளியிட்டிருக்கிறது. பூ விற்று வருமானம் பார்க்க நினைப்பவர் டெல்லி ரகத்தையோ அர்கா ரகங்களையோ தேர்ந்தெடுப்பதில் நியாயம் உண்டு. வீட்டுக்கு நான்கு முழம் பூ வந்தால் போதும் என்பவருக்கு நாட்டு ஆரஞ்சையே பரிந்துரைப்பேன்: பூ சற்றுச் சிறியது, நிறமும் வெளிர்தான், ஆனால் விதைத்து வளர்க்கலாம், தானாகவும் முளைக்கும், ஒரு செடி போனால் இன்னொன்று அதன் காலடியிலேயே காத்திருக்கும்.

விதை எடுக்கும் முறை

கனகாம்பரத்தின் காய் ஒரு பொறி. உள்ளே நான்கு விதைகள் இருக்கும். முற்றிப் பழுப்பேறிய பிறகும் வெயிலில் அது வாய் திறக்காது. மழைத்துளியோ ஈரக் காற்றோ பட்டால்தான் இரண்டாகப் பிளந்து, உள்ளிருக்கும் கொக்கி போன்ற காம்புகள் விதைகளைத் தெறிக்கவிடும். தெறித்த விதையைப் பார்த்தால் தட்டையாக, மேலெங்கும் ஓரம் கிழிந்த செதில்களோடு இருக்கும். நனைந்தவுடன் அந்தச் செதில்கள் ஊறி வழவழப்பான பசையாகி விதையை மண்ணோடு ஒட்டிவிடும். வறண்ட காட்டில் விதை வீணாகாமலிருக்க இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இருக்க முடியாது: முளைக்க ஈரம் உண்டென்று உறுதியான பிறகே காய் திறக்கிறது, விழுந்த இடத்திலேயே விதை பற்றிக்கொள்கிறது.

இந்தச் செடியிடம் விதை வாங்க வேண்டுமானால் மழையை முந்திக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு நாள் தொடர்ந்து வெயிலடித்த பிறகு, அடியிலிருந்து முக்கால் பகுதிக்காவது பழுப்பேறிய கதிர்களை, பனி உலர்ந்த முற்பகலில் காம்போடு வெட்டித் துணிப்பையில் இட்டு நிழலில் ஒரு வாரம் காயவிட வேண்டும். பிறகு ஓர் அகன்ற பாத்திரத்தில் கதிர்களைப் பரப்பி, விரல் நுனியால் நீர் தெளித்து, உடனே மெல்லிய துணியால் மூட வேண்டும். சற்று நேரத்தில் உள்ளே படபடவென்று பொரி வெடிப்பதுபோல் சத்தம் கேட்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம். கேட்காமலே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நீரைத் தெளிக்க வேண்டுமே தவிர ஊற்றக் கூடாது. ஊற்றினால் விதைகள் பசையாகிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். தெறித்த விதைகளை நிழலில் உலர்த்தி, கூடிய விரைவில் விதைத்துவிடுவதே நல்லது, ஏனெனில் பழைய விதையைவிடப் புது விதையே நன்றாக முளைக்கிறது.

நாற்றுவிடுதல்

வைகாசி, ஆனி மாதங்களில் நாற்றுவிட்டால் ஆடி, ஆவணியில் நட்டு, வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன் செடி வேர்பிடித்துவிடும். செம்மண், ஆற்று மணல், நன்றாக மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து, அடியில் துளையுள்ள தட்டிலோ மேட்டுப்பாத்தியிலோ நிரப்ப வேண்டும். இந்தக் கலவை மண்ணில், வேரைத் தாக்கும் நுண்புழுவான நூற்புழு இல்லாமலிருப்பது மிகவும் முக்கியம். கத்தரி, தக்காளி, வெண்டை வளர்ந்த நிலத்து மண்ணை நாற்றங்காலுக்கு எடுக்க வேண்டாம். வேறு மண் கிடைக்காவிட்டால், கோடையில் மண்ணை ஈரப்படுத்தி நிறமற்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் வேகவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

விதைகளை இரண்டு அங்குல இடைவெளியில் கோடு கிழித்து விதைத்து, மேலே கால் அங்குலத்துக்கு மிகாமல் மணல் தூவி, பூவாளியால் நீர் தெளித்து, வைக்கோல் பரப்ப வேண்டும். முளைவிட இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை ஆகும். எல்லா விதையும் ஒரே நாளில் எழும்பாது என்பதால், பதினைந்தாம் நாள் ஒன்றும் தெரியவில்லை என்று தட்டைக் கொட்டிவிடக் கூடாது. முளை தெரிந்தவுடன் வைக்கோலை அகற்றிவிட்டு, காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடத்தில் தட்டை வைக்க வேண்டும். ஏறக்குறைய அறுபது நாளில் நாற்று நடவுக்கு ஏற்றதாகும்.

இடமும் மண்ணும்

முழு நிழலில் கனகாம்பரம் இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். கதிர் அரிதாகத்தான் வரும். கோடை உச்சி வெயிலில் நாள் முழுவதும் நின்றால் இலை வெளுத்து ஓரம் கருகும். காட்டில் அதற்குக் கிடைத்தது இரண்டுக்கும் இடைப்பட்ட சல்லடை நிழல். முருங்கை, அகத்தி, மாதுளை போல மெல்லிய நிழல் தரும் மரத்துக்குக் கிழக்கே நடுவது மிகப் பொருத்தம். மொட்டைமாடியில் வளர்ப்பவர்கள் கோடை மாதங்களில் மட்டும் பச்சை நிழல்வலை கட்டினால் போதும்.

மண்ணில் சத்து சற்றுக் குறைந்தாலும் செடி பொறுத்துக்கொள்ளும், வடிகால் குறைந்தால் பொறுக்காது. வடிகாலுள்ள செம்மண்ணே சிறந்தது. கார அமிலத்தன்மை (pH) 6 முதல் 7.5 வரை இருக்கலாம். சுண்ணாம்புத்தன்மை மிகுந்த நிலத்திலும், உப்புக் கடினமான ஆழ்துளைக் கிணற்று நீர் பாயும் இடத்திலும், இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறும். இது தண்ணீர்க் குறையால் வருவது என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுபவர்கள் பலர். உண்மையில் அது மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாத நிலை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைமீது தெளித்தால் புதுத் துளிர் பச்சையாக வரும்.

நடவு

வயலில் பார்களுக்கிடையே (மண்ணை அணைத்து எழுப்பும் மேட்டு வரிசைகள்) 60 செ.மீ., செடிகளுக்கிடையே 30 செ.மீ. என்ற இடைவெளி வழக்கத்தில் உள்ளது. அடியுரமாக ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் இடுவார்கள். வீட்டில் நடுபவர்கள் இந்த எண்களைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. இரண்டடிக்கு ஓரடி என்று நினைவில் வைத்துக்கொண்டு, குழிக்கு இரண்டு கைப்பிடி தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் இட்டால் போதுமானது. ஆனால் அரையடி உயரத்துக்காவது மண்ணை அணைத்துப் பார் போட்டு, அதன் பக்கவாட்டில் நட வேண்டும். எவ்வளவு மழை பெய்தாலும் தண்டின் அடியில் தண்ணீர் தேங்காமல் வாய்க்காலில் இறங்கிவிட வேண்டும் என்பதே இதன் நோக்கம். நடுவது மாலையில் நடக்கட்டும். வேரைச் சுற்றிய மண் உதிராமல் நாற்றைப் பெயர்த்து, நாற்றங்காலில் இருந்த அதே ஆழத்துக்கு நட வேண்டும். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும்.

தொட்டியில் வளர்ப்பதானால் பத்து அல்லது பன்னிரண்டு அங்குல அகலமுள்ள மண்தொட்டி ஒரு செடிக்குப் போதும். அடித்துளையின்மேல் ஓட்டுச்சில்லு வைத்து, ஒரு கை உயரத்துக்குச் செங்கல் ஜல்லி நிரப்பி, அதன்மேல் மண்கலவையை இட வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து அதில் நீரைத் தேக்கிவைக்கும் பழக்கம் இந்தச் செடிக்கு ஆகாது.

நீரும் உரமும்

நட்ட அன்றும் மூன்றாம் நாளும் நீர் பாய்ச்சிய பிறகு, நிலத்தில் வாரம் ஒருமுறை நீர் போதும். தொட்டியில் மேல்மண்ணில் விரலை ஒரு கணு ஆழத்துக்கு நுழைத்துப் பார்த்து, ஈரம் தட்டாவிட்டால் மட்டும் ஊற்ற வேண்டும். கோடையில் இது தினமும் தேவைப்படலாம். கார்த்திகையில் பத்து நாள் வரை தேவைப்படாமலும் போகலாம். செடியடியில் காய்ந்த இலைச் சருகைப் பரப்பி வைப்பதால் கோடையில் மண் சூடேறுவது குறையும். காட்டில் அதன் காலடியில் கிடந்ததும் அதுதான். மழைக்காலத்தில் மட்டும் தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிச் சருகை ஒதுக்கிவிட வேண்டும்.

உரத்துக்கு மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், பூக்கும் காலத்தில் பதினைந்து நாளுக்கொருமுறை கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளியவைத்த நீர்; அவ்வளவே.

பறித்தல்

நட்ட இரண்டு மூன்று மாதத்தில் முதற்கதிர்கள் தோன்றும். கனகாம்பரம் மல்லிகையைப்போல ஓரிரவில் மலர்ந்து மறுநாள் வாடும் பூவன்று. ஒரு பூ முழுதாக விரிய ஏறக்குறைய இரண்டு நாள் எடுக்கும். விரிந்த பிறகும் செடியில் சில நாள் நிற்கும். ஆகையால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பதே முறை. வெயிலேறுவதற்கு முன், கதிரை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வலக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பூக்குழாயின் அடியைப் பற்றி மெல்ல மேல்நோக்கி இழுத்தால் பூ வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இதழைப் பிடித்து இழுத்தால் இதழ் கிழிந்து குழாய் உள்ளேயே தங்கிவிடும்; பூவைத் தொடுக்க அந்தக் குழாய்தான் காம்பு என்பதால், குழாயில்லாத பூ எதற்கும் உதவாது.

பூ மிகவும் இலேசானது. கூடை நிறையப் பறித்துத் தராசில் வைத்தால் முள் இலேசாக மட்டுமே அசைவதைப் பார்த்து மனம் சோர்ந்துபோகும். திண்டுக்கல், நிலக்கோட்டைப் பகுதிப் பூச்சந்தைகளில் முகூர்த்த நாள்களில் கனகாம்பரத்தின் விலை ஏறுவதற்கு, ஒரு கிலோ சேர்க்க எத்தனை முறை குனிந்து நிமிர வேண்டியிருக்கிறது என்பதும் ஒரு காரணம். பறித்த பூவை ஈரத்துணி விரித்த கூடையில் அழுத்தாமல் வைத்து, வாழைநாரில் இருபுறமும் இரண்டிரண்டாக வைத்துத் தொடுத்தால், மறுநாளும் நிறம் மங்காத சரம் கிடைக்கும்.

நுனிப்பூ வரை மலர்ந்து முடிந்த கதிரை, விதைக்கு வேண்டாமென்றால், அது கிளம்பிய இலைக்கணுவரை வெட்டிவிட வேண்டும். காயை முற்றவிட்டால் செடியின் சத்து அங்கே போய், அடுத்த கதிர் தாமதமாகும். ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்தில், செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்தால் பக்கக்கிளைகள் அடர்ந்து வரும்.

வாடலும் நூற்புழுவும்

அசுவினி, வெள்ளை ஈ, செதில்பூச்சி ஆகியவை வருவதுண்டு. தொடக்கத்திலேயே வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலைத் தெளித்தால் அடங்கிவிடும். அவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வேரில் வருவதுதான் செடியைக் கொல்லும்.

பிராட்டிலென்கஸ் டெலாட்ரி என்ற நூற்புழு வேரைத் துளைத்துப் புண்ணாக்கும். ஃபியூசேரியம் சொலானி என்ற பூஞ்சை வேரழுகலையும் வாடலையும் உண்டாக்கும். புழு திறந்துவிட்ட புண் பூஞ்சைக்கு நுழைவாயிலாகிவிடுவதால் இரண்டும் சேரும்போது செடி தப்புவது கடினம். கண்ணுக்குத் தெரியும் முதல் அடையாளம் வளர்ச்சி குன்றுவது: புது இலை சிறுத்து, கதிர் குட்டையாகி, நண்பகலில் செடி துவண்டு மாலையில் தேறும். இந்தக் கட்டத்தில் ஓரமாக மண்ணைக் கிளறி ஒரு வேரை எடுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் நீர்க்குறை. பழுப்புக் கீறல்கள் இருந்தால் நூற்புழு. உருண்டை முடிச்சுகள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. சென்ற ஆண்டு ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கிய ஆறு டெல்லிக் கன்றுகளில் நான்கின் வேரில் இந்த முடிச்சுகள் பாசிமணி கோத்ததுபோல் இருந்தன. அன்று முதல், வாங்கும் கன்றின் பையைக் கழற்றி வேரைக் காட்டச் சொல்லாமல் நான் பணம் கொடுப்பதில்லை.

முற்றிலும் வாடிய செடியைக் காப்பாற்ற முயல்வதால் பயனில்லை. சுற்றியுள்ள மண்ணோடு பெயர்த்து அப்புறப்படுத்திவிட்டு, அக்கம்பக்கச் செடிகளின் வேர்ப்பகுதியில் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து ஊற்றலாம். இயற்கை முறையை விரும்புபவர் நடவின்போதே டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழு உரத்தில் கலந்து இடுவது நல்லது. பார்களின் ஓரத்தில் செண்டுமல்லி வரிசையொன்று வைப்பது பழைய பழக்கம். அதன் வேரில் உள்ள பொருள்கள் நூற்புழுக்களை மட்டுப்படுத்துவதால் அழகுக்கு அப்பாலும் அதற்குப் பயனுண்டு.

செடியைப் புதுப்பித்தல்

இரண்டு மூன்று ஆண்டு பூத்த செடியில் தண்டு மரமாகிப் பூ குறையும். விதை தராத டெல்லி ரகத்துக்கு அப்போது குச்சி எடுக்க வேண்டும். கதிர் வராத, முற்றவும் முற்றாத, பசுமையும் இல்லாத நடுத்தரக் கிளையில் நான்கு அங்குல நீளத்தில் கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலைகளை நீக்கி, மேலிரண்டு இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஈர மணலில் இரண்டு கணு மறையும்படி நட்டு, நிழலில் வைத்து மேலே பாலித்தீன் பை கவிழ்க்க வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். வாடல் கண்ட செடியிலிருந்து குச்சி எடுக்கக் கூடாது.

நாட்டு ரகம் வைத்திருப்பவர்கள், மழை தொடங்கிய மூன்றாம் வாரத்தில், தாய்ச்செடியைச் சுற்றி நாலைந்து அடி தூரம் குனிந்து தேடிப் பார்க்க வேண்டும். படிக்கல் இடுக்கிலும் சுவரோரத்திலும் தொட்டி விளிம்பிலும், விதை தெறித்து விழுந்த இடமெல்லாம் பளபளப்பான சிறு இலைகளோடு கன்றுகள் எழும்பியிருக்கும். நான்கு இலை விட்டதும் மண்ணோடு பெயர்த்து, அடுத்த பாத்தியின் மேட்டு ஓரத்தில் நட்டுக்கொள்ளலாம்.